பல்கேரியப் படம் பார்த்த ஞாயிறு

அந்தப் படத்தைப் பாருங்கள் என்று குழுவில் எழுதியது நான்தான். எழுதியது இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. குழுவில்தான் நான் இல்லை.

மலேசியாவின் ஈப்போ நகரில் சினிமாப் பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்து வைத்திருந்த வாட்ஸ்அப் குழு அது. பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் என்று பார்த்தால் நானும், எப்போதாவது கட்டைவிரல் படம் மட்டும் போடும் இன்னும் ஓரிருவரும். எனக்குப் புந்தோங்கில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாடகை அறையில் தனியாக இருக்கிறேன். வேலை முடிந்து வந்தால் சோறு, குளியல், படம். தமிழ்ப் படங்களில் ஆரம்பித்து, கொரியா, துருக்கி, ஸ்பெயின் என்று எங்கெங்கோ போய்விட்டேன். எனக்குப் பிடித்தது ஒரு வகை திரில்லர். குற்றவாளி யார் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அந்த மனிதர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள், யார் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார்கள் என்பதுதான் படமே.

அப்படிக் கிடைத்ததுதான் அந்தப் பல்கேரிய மொழிப் படம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெட்ரோல் நிலையம், அதை ஒட்டி ஒரு சின்னக் காப்பிக் கடை. கணவன் பெட்ரோல் அடிக்கிறான், மனைவி காப்பி போடுகிறாள். ஒருநாள் ஒருவன் வந்து, காணாமல் போன தன் தம்பியின் படத்தைக் காட்டி, இவன் இங்கே வந்தானா என்று கேட்கிறான். வரவில்லை என்கிறான் கணவன். வந்தான் என்பது மனைவிக்குத் தெரியும். கேட்டு வந்தவன் ஊரை விட்டுப் போகாமல் தினமும் வந்து அவள் கையால் காப்பி குடிக்கிறான். அவள் சொல்வாளா, மாட்டாளா? அவ்வளவுதான் கதை.

குழுவில் நான் இப்படி எழுதினேன்: "துப்பாக்கி கிடையாது, கார் துரத்தல் கிடையாது. ஆனால் அந்தம்மா கோப்பையைத் துடைக்கும்போது நமக்கு மூச்சு அடைக்கும். கதையை யாரிடமும் கேட்காதீர்கள். அவள் முகத்தை மட்டும் பாருங்கள்."

உடனே பதில்கள் வந்தன. லாரி ஓட்டும் தம்பி ஒருவர், "அக்கா, ஃபைட்டு ஒண்ணுகூட இல்லையா? தூங்கிருவேன் லா" என்று எழுதினார். தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். எந்தப் படத்தைப் பற்றியும் பத்தி பத்தியாக எழுதுவார். அன்றிரவே படத்தைப் பார்த்துவிட்டு, பேசாத பெண்ணின் மனதுக்குள் நம்மைக் கூட்டிப் போகிற கதை என்று நீளமாக எழுதினார். வாசித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நான் கண்டுபிடித்த ஒன்றை இன்னொருவர் இத்தனை அக்கறையாகப் பார்த்திருக்கிறாரே என்று நினைத்தேன்.

குழுவை நடத்தும் அண்ணன் கடைசியில் ஒரே வரி எழுதினார். "தங்கச்சி சொன்னா தப்பாப் போவாது. இந்த மாசம் நம்ம வீட்ல இந்தப் படந்தான்."

மாதம் ஒரு ஞாயிறு அவர் வீட்டில் கூடுவோம். வீடு குனோங் ராபாட்டில், வரிசை வீடுகளில் ஒன்று. பின்னால் சுண்ணாம்பு மலை நெட்டுக்குத்தாக நிற்பதால் மதியத்துக்கு மேல் ஹால் தானாகவே இருட்டிவிடும். திரைச்சீலையை இழுத்துவிட்டால் தியேட்டர்தான். அண்ணனுக்குக் கார் சாயம் அடிக்கும் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசர் வேலை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கூடாரம் கட்ட முதல் ஆளாக நிற்பார். ஆஸ்பத்திரியில் யாருக்காவது ரத்தம் வேண்டும் என்றால் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருவார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேச ஈப்போவில் ஆள் கிடையாது.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிறந்த ஊர் ஹுத்தான் மெலிந்தாங். அப்பா படகுக்காரர். நெத்திலி போட்டு அக்கா சுடும் வடைக்காகவே படத்துக்கு வருகிறவர்கள் உண்டு. எத்தனையோ ஞாயிறுகளில் நாங்கள் அந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறோம். அவர் ஒருமுறைகூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தட்டோடு வருவார், போவார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆண்கள் கையை நீட்டுவார்கள். கையில் கோப்பை வந்து உட்காரும்.

"உக்காருங்கக்கா" என்று நான் சொன்னால், "எனக்குக் கீழ ஓடுற இந்த எழுத்தெல்லாம் படிக்க வராது லா. அதுக்குள்ள ஓடிப்போயிருது" என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

என் கிளினிக்குக்கும் அவர் வருவதுண்டு. குனோங் ராபாட்டில் எத்தனையோ கிளினிக் இருக்க, பஸ் ஏறிப் புந்தோங்குக்கு வருவார். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்பார், அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்பார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுப்பார். நான் உறையில் போட்டு, சாப்பிட்ட பிறகு போடுங்கள் என்று சொல்லிக் கொடுப்பேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் உறையைப் பார்ப்பேன்.

எங்கள் எல்லாருக்கும் தெரியும். வாத்தியாருக்கு அடுத்த வீடு. "சாமான் விழுற சத்தம் கேக்கும், அப்புறம் ரேடியோவ சத்தமா வைப்பாரு" என்று அவரே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தச் சத்தம் புதிதல்ல. நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில். லயத்து வீடுகளுக்கு நடுவே இருந்தது பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் விழும் அடி இந்தப் பக்கம் தட்டில் இருக்கும் சோற்றில் விழுவதுபோல இருக்கும். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணும்போது அடித்தவனும் நிற்பான், அடிவாங்கியவளும் நிற்பாள், கேட்டவர்களும் நிற்பார்கள். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இப்போது தோட்டத்தில் செம்பனை நிற்கிறது, நாங்களெல்லாம் டவுனுக்கு வந்துவிட்டோம். சுவர் செங்கல்லாகிவிட்டது.

அந்த ஞாயிறு காலையில் பூசைக்குப் போய்விட்டு மதியம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாத்தியார், லாரிக்காரத் தம்பி, வழக்கமாக வரும் மற்றவர்கள் எல்லாரும் இருந்தார்கள். நான் எப்போதும்போல அடுப்படி வாசலை ஒட்டிச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். படம் ஆரம்பித்தது. அக்கா வடைத் தட்டை ஒரு சுற்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். உள்ளே போகவில்லை. காலித் தட்டை நெஞ்சில் அணைத்தபடி வாசலில் நின்றார்.

திரையில் அந்தப் பல்கேரியக்காரி பீங்கான் கோப்பை ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே கணவன் அந்நியனிடம் பேசிக்கொண்டிருக்கிறான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. துடைத்த கோப்பையையே திரும்பத் துடைக்கிறாள்.

அக்கா மெல்லக் குனிந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னா சொல்றான் அவன்?" என்று காதோடு கேட்டார்.

"தம்பியக் காணோமாம். இங்க வந்தானான்னு கேக்குறான்."

"வந்தானா?"

"வந்தான். புருசன் இல்லங்குறான்."

அதன் பிறகு நான் படம் பார்க்கவில்லை. கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்து, கிசுகிசுவென்று அவர் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். சில இடத்தில் நான் சொல்வதற்குள் அவரே தலையாட்டிவிடுவார். அந்நியன் காப்பிக் கடைக்குள் வந்து உட்காரும் போதெல்லாம் அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடிக்கும். எண்ணெய் மணக்கும், சூடான கை.

படம் பாதி ஓடியிருக்கும். அண்ணன் திரும்பாமலே தேநீர் கேட்டார். "தே எங்க?"

அக்கா அசையவில்லை. கேட்கவில்லையோ என்று நினைத்தேன். அவர் கண் திரையிலேயே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "ஏய், தே."

லாரிக்காரத் தம்பி, "பரவால்ல ண்ணே, நான் போயி போட்டுக்குறேன்" என்றார். சொன்னாரே தவிர எழுந்திருக்கவில்லை.

அண்ணன் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். திரையில் அந்தப் பெண்ணின் முகம் பாதி மூடிய கண்ணோடு நின்றுவிட்டது. எல்லாரும் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார்கள்.

"தே கேட்டேன்" என்றார் அண்ணன். குரல் உயரவே இல்லை.

"படம் முடியட்டும்" என்றார் அக்கா.

இவ்வளவுதான் நடந்தது. வெளி ஆள் யாராவது பார்த்திருந்தால் இதில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். ஆனால் அந்த ஹாலில் இருந்த ஒவ்வொருவருக்கும் என்ன நடந்தது என்று தெரிந்தது. வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். என் மணிக்கட்டில் அக்காவின் விரல்கள் இறுகின. அண்ணன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு சிரித்தார்.

"பாத்தீங்களா, எங்க வீட்டுக்காரிக்கும் பைத்தியம் புடிச்சிருச்சு!"

எல்லாரும் பெரிய நிம்மதியோடு சிரித்தார்கள். படம் மறுபடி ஓடியது.

இனிமேல் முடிவைச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. கடைசிக் காட்சியில், ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று முடிவெடுத்துவிட்ட அந்நியன் கடைசிக் காப்பிக்கு வருகிறான். கணவன் வாசலில் நிற்கிறான். அவள் கோப்பையை வைக்கிறாள். சர்க்கரைக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்திவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள்.

"'உங்க தம்பி ரெண்டு கரண்டி போடுவாரு'ன்னு சொல்றா" என்றேன்.

"சொல்லிட்டா" என்றார் அக்கா. கிசுகிசுப்பாக இல்லை, ஹால் முழுக்கக் கேட்கும்படி.

வாசலில் நிற்கும் கணவனின் நிழல் மேசைமேல் விழுவதோடு படம் முடிகிறது.

திரைச்சீலையை விலக்கியதும் எப்போதும்போலப் பேச்சு ஆரம்பித்தது. லாரிக்காரத் தம்பி, "படம் ஓகே. ஆனா லாஜிக் இடிக்குது. அவ மொதல்லயே போலிஸ்ல போயி சொல்லியிருக்கலாம்ல?" என்றார். வாத்தியார் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, பயத்தில் வாழ்கிறவர்களின் மனம் எப்படி வேலை செய்யும் என்று விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார். அவள் பேசாமல் இருப்பதற்கு ஊரும் ஒரு காரணம், அங்கே காப்பி குடிக்க வருகிற அத்தனை பேருக்கும் ஏதோ தெரியும், அவர்களும் குற்றத்தில் பங்காளிகள் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அக்கா கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "அவ சொன்னப்புறம் என்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"அதத்தான் காட்டாம விட்டுட்டாங்கக்கா. நாமளே யோசிச்சிக்கணும்" என்றார் வாத்தியார்.

"நீங்க யோசிச்சிக்கிட்டு வீட்டுக்குப் போயிருவீங்க. அவ அங்கதான இருக்கணும்?"

"சூப்பர் பாயிண்ட்டுக்கா!" என்றது ஒரு குரல். யாரோ கைகூடத் தட்டினார்கள்.

கிளம்பும்போது அண்ணன் வாசல்வரை வந்து வழியனுப்பினார். "நல்ல படமாப் பாத்துச் சொல்ற தங்கச்சி" என்றார். சிரித்த முகம்தான்.

அந்த வாரத்திலேயே அக்கா கிளினிக்குக்கு வந்தார். இடது கையைத் துண்டில் சுற்றிப் பிடித்திருந்தார். வழுக்கி விழுந்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னார். எலும்பு முறிந்த மாதிரி இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று டாக்டர் அனுப்பினார். கவுண்டருக்கு வந்தவரிடம், வலிக்கான மாத்திரையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நான் சொன்னேன். "அக்கா, நான் கூட வாரேன். பாலாய்க்குப் போலாம். போலிஸ்ல ரிப்போர்ட் குடுத்துருவோம்."

"குடுத்துட்டு? ராத்திரி எங்க படுக்குறது?"

"எங்கூட வந்துருங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "உனக்கு இருக்குறது ஒரு ரூமு. அவரு வந்து கதவத் தட்டுனா நீ என்னா பண்ணுவ?"

நான் மாத்திரை உறையை அவர் முன்னால் வைத்தேன்.

"ஒண்ணு பண்ணு. அந்த வாத்தியார்ட்ட பேசு. அவர் சொன்னா இவரு கேப்பாரு. வெளி ஆளுங்க முன்னால நல்லவனா இருக்கணும் இவருக்கு. யாராச்சும் ஒரு ஆளு, எங்களுக்குத் தெரியும்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாப் போதும். அடங்கிருவாரு."

அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. பெரிய உதவியில்லை. ஒரு மனிதர் அடுத்த வீட்டுக்கு நடந்து போய் ஒரு வாக்கியம் பேச வேண்டும்.

மறுநாள் பள்ளி விட்டதும் வாத்தியாரைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் நிஜமாகவே வாடியது. "பாவம்" என்றார். "ரொம்ப நாளா நடக்குது இது. பாவம்."

"நீங்க ஒரு வார்த்த பேசுனா போதும் சார்."

"எப்படிம்மா பேச முடியும்? நான் அந்த வரிசையில குடியிருக்கணும். எங்கம்மா செத்தப்ப எல்லாத்தையும் முன்ன நின்னு பாத்தது அவருதான். அது அவங்க குடும்ப விசயம்."

"அந்தப் பல்கேரியாக்காரியப் பத்தி அவ்ளோ எழுதுனீங்க. காப்பி குடிச்சவன் எல்லாம் பங்காளின்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், தவறாகப் பாடம் ஒப்பிக்கும் மாணவியைத் திருத்துவதுபோலச் சொன்னார். "அது சினிமா தங்கச்சி."

அன்று என் அறைக்குத் திரும்பியதும் குழுவில் எழுதினேன். சுற்றி வளைக்கவில்லை. "அக்காவுக்குக் கை உடைந்திருக்கிறது. படம் பார்த்த அன்று தே கேட்டதும் எழுந்து போகாததற்காக. எப்படி உடைந்தது என்று நம் எல்லாருக்கும் தெரியும். யாராவது ஒருவர் அண்ணனிடம் நேரில் பேசுங்கள்."

எல்லாரும் படித்துவிட்டார்கள் என்பதைக் காட்டும் நீலக் குறிகள் வந்தன. பதில் வரவில்லை. வெகுநேரம் கழித்து யாரோ ஒருவர், தீபாவளிக்கு வரப்போகும் ஒரு படத்தின் போஸ்டரைப் போட்டார். அதற்கு மளமளவென்று நெருப்புப் படங்கள் விழுந்தன. எனக்கு ஆதரவாக இல்லாவிட்டாலும் என்னைத் திட்டியாவது ஒருவர் எழுதுவார் என்று கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி திறந்து பார்த்தபோது நான் குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தேன்.

லாரிக்காரத் தம்பி மட்டும் தனியாகப் போன் செய்தார். "அக்கா, நீங்க சொன்னதுல தப்பு இல்ல. ஆனா குரூப்புல போட்டிருக்கக் கூடாது லா. அவருக்கு மானம் போச்சுல்ல?"

"அவங்களுக்குக் கை போச்சு தம்பி" என்றேன். அவர் உச்சுக் கொட்டினார். டயர் மாற்றிக்கொண்டிருப்பதாகவும் அப்புறம் பேசுவதாகவும் சொல்லி வைத்துவிட்டார்.

இதற்கெல்லாம் நடுவில் அக்கா தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டார். கையில் மாவுக் கட்டோடு, ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டு, தெலுக் இந்தான் பஸ் ஏறி ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் சொந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்குப் போன் செய்தார். பின்னால் படகு எஞ்சின் சத்தம் கேட்டது. "ஒத்தக் கையால இறால் உரிக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தார். அந்த மாதிரிச் சிரிப்பை நான் அவரிடம் கேட்டதே இல்லை. கூச்சமில்லாத, வாய் நிறைந்த சிரிப்பு. அதன் பிறகு அடிக்கடி பேசினோம். அண்ணியோடு சேர்ந்து பாசாரில் மீன் விற்கப் போவதாகச் சொன்னார். கட்டு அவிழ்த்ததும் அங்கேயே ஒரு வேலை தேடிக்கொள்வேன் என்றார். நான் வேலை முடிந்து வரும் வழியில் அந்தப் போனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை அவர்கள் போனார்கள். அண்ணன், வாத்தியார், லாரிக்காரத் தம்பி, குழுவில் இன்னும் சிலர். இரண்டு கார் நிறைய. ஆரஞ்சுப் பழமும் பிஸ்கட் டின்னும் வாங்கிக்கொண்டு, பெண் கேட்கப் போவதுபோலப் போயிருக்கிறார்கள். குழுவில் என் ஒரு வரிக்கு ஒரு சொல் பதில் எழுத நேரமில்லாதவர்கள், அக்காவைத் திருப்பிக் கூட்டிவர வேலையைப் போட்டுவிட்டு அத்தனை தூரம் போனார்கள்.

மறுநாள் அக்கா கூப்பிட்டார். பின்னால் படகுச் சத்தம் இல்லை.

"வந்துட்டேன்" என்றார்.

"யாரு பேசுனாங்க?"

"வாத்தியாருதான். நல்லாப் பேசுனாரு. எங்கண்ணனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. இனிமே அப்படி நடக்காது, நான் பொறுப்புன்னு சொன்னாரு. எங்கண்ணி எல்லாருக்கும் தே போட்டுக் குடுத்தா."

"நீங்க என்னா சொன்னீங்கக்கா?"

"எங்கிட்ட யாரும் கேக்கல."

அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு அவசரமாகச் சொன்னார். "நீ இனிமே போன் பண்ணாத. போனு அவர்ட்டதான் இருக்கும். பண்ணுனா எனக்குத்தான் சூசா. என்னா?"

"சரிக்கா" என்றேன்.

அவர் அதற்குப் பிறகு எங்கள் கிளினிக்குக்கு வரவில்லை. வலி இல்லாமல் வராமலிருக்கிறாரா, வேறு இடத்துக்குப் போகிறாரா, எனக்குத் தெரியாது. வாத்தியார் பொறுப்பேற்றுக்கொண்டதற்குப் பிறகு அந்தச் சுவர் வழியாக என்ன கேட்கிறது என்று அவர்தான் சொல்ல வேண்டும். என்னைத் தெருவில் கண்டால் அவர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். ஞாயிற்றுக் கூட்டம் நிற்கவில்லை என்று கேள்வி. ஆனால் இப்போது தமிழ்ப் படம் மட்டும்தானாம். குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி நல்ல படங்களாகப் போடுவது என்று முடிவு செய்திருக்கிறார்களாம்.

கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அண்மையில் என்னிடம் கேட்டாள். "அக்கா, நீங்க படம்லாம் பாப்பீங்களாமே. பல்கேரியாப் படம் ஒண்ணு இருக்காம், பெட்ரோல் கடைல நடக்குறது. லைப்ரரில ஒரு வாத்தியாரு அதப் பத்திப் பேசுனாரு. சூப்பராப் பேசுனாரு. பெண்கள் எல்லாரும் கண்டிப்பாப் பாக்கணும்னாரு. பாத்துட்டீங்களா?"

நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். எதற்குப் பொய் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் படத்தை மறுபடி என் வாயால் பேச முடியவில்லை. படம் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்த நடிகை எங்கோ ஓர் ஊரில் தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் இப்போதும் படம் பார்க்கிறேன். நல்லதாக ஒன்று கிடைத்தால் இதை யாருக்குச் சொல்வது என்று கை கைப்பேசிக்குப் போகும். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

போன தீபாவளிக்கு முன்னால் டவுனில் ஒரு துணிக்கடையில் அவர்களைப் பார்த்தேன். அண்ணன்தான் முதலில் என்னைக் கண்டுகொண்டார். கடையே திரும்பிப் பார்க்கும்படி, "என்னா தங்கச்சி, வீட்டுப் பக்கமே ஆளக் காணோம்? நல்லா இருக்கியா?" என்று கேட்டார். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாத மனிதர் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். நல்லா இருக்கேன் என்றேன். அவருக்குப் போன் வந்தது, கடை வாசலுக்குப் போனார்.

அக்கா கண்ணாடி முன்னால் ஒரு சேலையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மயில் கழுத்து நிறம். இளைத்திருந்தார். இடது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை. சேலை நழுவாமலிருக்க முழங்கையால் அதை விலாவோடு அழுத்திப் பிடித்திருந்தார். என்னைக் கண்ணாடியில்தான் பார்த்தார்.

"இந்தக் கலரு எனக்கு நல்லாருக்கா?" என்றார்.

கேட்க வேண்டியது ஆயிரம் இருந்தது. வாசலில் அண்ணன் போனை வைத்துவிட்டு யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எந்த நேரமும் உள்ளே வந்துவிடுவார்.

"நல்லாருக்குக்கா" என்றேன்.

"அப்ப இதையே எடுத்துக்குறேன்" என்று சொல்லி, ஒரு கையால் சேலையை மடிக்கத் தொடங்கினார். மடிப்பு சரியாக விழவில்லை. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் சேர்ந்து மடித்தோம். அவர் வாங்கிக்கொண்டு கவுண்டருக்குப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை.